மூன்று பொட்டு நாவல்கள்

அந்த நடுநிலைப் பள்ளியின் நூலகத்தில் ஒரு நாவலைப் பிள்ளைகள் தலையில் கட்ட வேண்டுமென்றால் லைப்ரரியம்மா அதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்ல மாட்டாள். அருமையான கதை, அறிவு வளரும், பரிசு வாங்கியது என்று சொன்னால் பதினோரு வயதுப் பிள்ளை அந்தப் புத்தகத்தைத் தொடவே தொடாது. பத்தொன்பது வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்து அவள் கண்டுபிடித்த உண்மை அது. அவள் சிபாரிசு இப்படித்தான் இருக்கும்.

"நாப்பத்திரெண்டாம் பக்கத்துல ஒருத்தனுக்கு விரல் போயிடும். எந்த விரல்னு சொல்ல மாட்டேன்."

பையன் நின்ற இடத்திலேயே நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திருப்புவான். அங்கே விரல் போகும். ஆனால் யாருடைய விரல், எதற்காகப் போனது என்று தெரிய வேண்டுமென்றால் முதல் பக்கத்துக்குத்தான் வர வேண்டும். முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போவான். ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளில் அவள் வலையில் விழாத பிள்ளைகள் மிகக் குறைவு.

அவளுக்கு இடது காது கேட்காது. பன்னிரண்டு வயதில் ஒரு நாவலுக்குள் மூழ்கிக் கிடந்தபோது அண்ணன் மூன்று தடவை கூப்பிட்டான். நான்காவது தடவை கூப்பிடாமல் நேராக வந்து அறைந்தான். ஒரே அறை, செவிப்பறை கிழிந்தது. ரத்தம் புத்தகத்தில் சொட்டியதாகவும், தான் அசராமல் அடுத்த பக்கத்தைத் திருப்பியதாகவும் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்வாள். அது சும்மா அளப்பது. உண்மையில் குளியலறைக்குள் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். அம்மா டாக்டரிடம் மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்றார். டாக்டர் அவளைப் பார்க்காமலேயே அப்படியே எழுதிக்கொண்டார். பார்த்திருந்தால் கன்னத்தில் ஐந்து விரலும் தெரிந்திருக்கும். அந்த டாக்டரை இன்றுவரை அவள் மன்னிக்கவில்லை. பின்னால் நடந்ததைக் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பார்க்காமல் எழுதிக்கொள்கிறவர்கள்மேல் ஆத்திரப்பட அவளைவிட உரிமையுள்ளவர் யாருமில்லை.

நூலகம் விளையாட்டு மைதானத்தை ஒட்டி இருந்தது. மதிய இடைவேளையில் மூக்கு உடைந்தவன், பல் ஆடுகிறவன், சட்டை கிழிந்தவன் எல்லாரும் அங்கேதான் வந்து விழுவார்கள். பள்ளியிலேயே ஒழுங்காக ஓடுகிற மின்விசிறி அங்கேதான் இருந்தது. பஞ்சும் மருந்தும் அவள் மேசை இழுப்பறையில் இருக்கும். மூக்கைத் துடைத்துவிட்டு ஆளுக்கொரு நாவலைக் கையில் கொடுப்பாள். அடித்தவனுக்கு ஒன்று, அடி வாங்கியவனுக்கு வேறொன்று. ஒருமுறை எட்டாம் வகுப்பு முரடன் ஒருவன் இன்னொருவனைக் காம்பஸால் தொடையில் குத்திவிட்டு வந்தான். அவனுக்கு ஒரு நாய்க் கதையைக் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து வந்தவன், "நாய ஏன் கொன்னாங்க?" என்று கேட்டுக்கொண்டே புத்தகத்தை அவள்மேல் வீசினான். அட்டை முனை நெற்றியைக் கிழித்து மூன்று தையல் போட வேண்டியதாயிற்று. தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்த அன்றே அவனைக் கூப்பிட்டு அதே எழுத்தாளரின் அடுத்த நாவலைக் கொடுத்தாள். அவன் திட்டிக்கொண்டே வாங்கிப் போனான்.

இதற்கெல்லாம் ஒரு கணக்கு வந்தது பெற்றோர் கமிட்டித் தலைவரால். அவர் மருந்துக் கடை வைத்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, குரலை உயர்த்தாத பேச்சு, எப்போதும் ஸ்பிரிட் வாசம் வீசும் சுத்தமான கைகள். ஒரு கூட்டத்தில் நூலக நாவல் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒருவன் உடைந்த பாட்டிலால் இன்னொருவனைக் குத்துகிற இடத்தை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார். வந்திருந்த தாய்மார்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள்.

"பிஞ்சு மனசு சார். இத எல்லாம் படிச்சா என்ன ஆகும்? தடை பண்ணுங்கன்னு நான் சொல்லல. எவ்வளவு வன்முறை இருக்குன்னு பெத்தவங்களுக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

தலைமையாசிரியர் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர். அன்றும் ஆட்டினார். விதி தயாரானது. நூலகத்திலுள்ள ஒவ்வொரு நாவலையும் படித்து, அதில் வருகிற அடி, உதை, குத்து எல்லாவற்றையும் எண்ண வேண்டும். ஐந்து வரை இருந்தால் புத்தகத்தின் முதுகில் ஒரு சிவப்புப் பொட்டு. பதினைந்து வரை இரண்டு. அதற்கு மேலோ, யாராவது செத்தாலோ மூன்று. மூன்று பொட்டு நாவல் வேண்டுமென்றால் பிள்ளை ஒரு ரோஸ் சீட்டு நிரப்ப வேண்டும். புத்தகத்தின் பெயர், ஏன் படிக்க விரும்புகிறாய், பெற்றோர் கையெழுத்து. வெற்றுச் சீட்டில் வீட்டிலேயே கையெழுத்து வாங்கி வந்து, மற்றதை நூலகத்துச் சீட்டுப் புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதுவதால் நகல் ஒன்று அடியில் நிற்கும்.

நானூற்றுச் சொச்சம் நாவல்களை அடுத்து வந்த விடுமுறையில் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் எண்ணி முடித்தாள். அவள் வாசிக்க, வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற கணவர் பழைய காலண்டர் தாளின் பின்புறம் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

"கன்னத்துல ஒண்ணு."

"போட்டாச்சு."

"தள்ளி விட்டான். இது அடியில சேருமா?"

"கீழ விழுந்தானா?"

"விழுந்துட்டான்."

"அப்ப அடிதான்."

"கனவுல ஒருத்தன் கழுத்த நெரிக்கிறான்."

"முழிச்சதும் வலிச்சுதா?"

"வலிச்சுதாம்."

"போடு ஒண்ணு."

ஒரு போர்க்கால நாவலில் ஒரே குண்டில் ஒரு தெருவே போய்விட்டது. அதை ஒரு அடி என்று போடுவதா, செத்தவர்களை எண்ணிப் போடுவதா என்று இருவரும் விழித்தார்கள். வெல்டர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"அந்த மருந்துக்கடைக்காரருக்கு வேற பொழப்பே இல்லையா?"

இருந்தது. அது அப்போது அவர்களுக்குத் தெரியாது.

பொட்டு ஒட்டிய மறுவாரமே நடக்க வேண்டியது நடந்தது. ஒரு பொட்டு நாவல்கள் தூசி படிந்து கிடந்தன, மூன்று பொட்டுகள் கைக்குக் கை பறந்தன. ரோஸ் சீட்டுகள் குவிந்தன. ஏன் படிக்க விரும்புகிறாய் என்ற இடத்தில் பிள்ளைகள் எழுதியதை வாசித்து முதலில் வயிறு குலுங்கச் சிரித்தாள். "ரத்தம் பிடிக்கும்." "என் தங்கச்சிய பயமுறுத்த." "அப்பா கையெழுத்துப் போட்டுட்டார், இனிமே படிக்கலன்னா அடிப்பார்." பயப்படாமல் மனதில் பட்டதை எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னாள்.

"இந்தச் சீட்டு என் பெட்டியிலதான் இருக்கும். நான் மட்டும்தான் பார்ப்பேன்."

சொன்னபோது அது உண்மை. பிறகு கமிட்டி இன்னொரு விதி போட்டது. பருவக் கடைசியில் சீட்டுக் கட்டு தலைவர் பார்வைக்குப் போக வேண்டும். அதைப் பிள்ளைகளிடம் சொல்ல அவள் மறந்துவிட்டாள். வேலை அதிகம், ஆள் குறைவு என்று நூறு காரணம் சொல்லலாம். மறந்துவிட்டாள், அவ்வளவுதான். அதற்குள் சீட்டுகளைப் படிப்பதையும் விட்டிருந்தாள். கையெழுத்து இருக்கிறதா என்று ஒரு பார்வை, ரப்பர் ஸ்டாம்பால் ஒரு குத்து, பெட்டிக்குள் போட்டுவிடுவாள்.

மருந்துக்கடைக்காரரின் மகள் ஏழாம் வகுப்பில் இருந்தாள். முழுக்கைச் சட்டை, படியச் சீவிய தலை, எல்லாப் பாடத்திலும் முதல் மூன்று இடத்துக்குள். பேச்சு மட்டும் காசு கொடுத்தாலும் வராது. மற்றப் பிள்ளைகள் அவளுக்கு மூணுபொட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். வேறு புத்தகத்தை அவள் தொட மாட்டாள். ஒவ்வொரு சீட்டிலும் நீல மையில் அப்பாவின் கையெழுத்து அழகாக இருக்கும். கமிட்டியில் அத்தனை ஆட்டம் ஆடியவர் சொந்த மகளுக்கு மட்டும் சத்தமில்லாமல் கையெழுத்துப் போட்டுத் தருகிறாரே என்று லைப்ரரியம்மாவுக்கு உள்ளூரச் சிரிப்பு.

"அப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"ம்ஹூம்."

"நல்ல அப்பாதான் உனக்கு."

பெண் அவளை ஒரு நொடி பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பையில் திணித்துக்கொண்டு போய்விட்டாள்.

குத்துச்சண்டை வீரன் கதையைக் கொடுத்தாள். மறுநாளே திரும்பி வந்தது. கடற்கொள்ளைக்காரர் கதையைக் கொடுத்தாள். அதுவும் மறுநாளே வந்தது. சிறையுடைப்பு, பழிவாங்கல், போர் என்று வரிசையாகக் கொடுத்துப் பார்த்தாள்.

"இதுல இல்ல மிஸ்."

"எது இல்ல?"

"ஒண்ணுமில்ல மிஸ். வேற குடுங்க."

இன்னும் ரத்தம் கேட்கிறாள் என்றுதான் லைப்ரரியம்மா நினைத்தாள். யாரைப் பார்த்தாலும் அவருக்கு ஏற்ற நாவலைச் சொல்லிவிடுவேன் என்று மார்தட்டிக்கொண்டவள், அந்தப் பெண்ணின் முழுக்கைச் சட்டையை வெயில் காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டே அவளுக்குக் கொலைக் கதைகளை எடுத்து நீட்டினாள். கடைசியில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு மெலிந்த நாவலை எடுத்தாள். முப்பத்தோரு அடி, அத்தனையும் ஒரே வீட்டுக்குள். அடிப்பவர் அப்பா, வாங்குபவள் மகள். அதைக் கொடுத்தது பொருத்தம் பார்த்து அல்ல, மற்ற மூன்று பொட்டுகள் தீர்ந்துவிட்டதால்தான்.

அந்தப் புத்தகம் மறுநாள் வரவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பெண் வந்து, அதே புத்தகம் இன்னும் சில நாள் வேண்டும் என்று புதிதாக ஒரு ரோஸ் சீட்டு எழுதினாள். நின்றபடியே நெடுநேரம் எழுதினாள். லைப்ரரியம்மா அப்போது ஒருவன் மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாள். இடது கையால் சீட்டை வாங்கி, கையெழுத்தைப் பார்த்து, ஸ்டாம்ப் குத்திப் பெட்டியில் போட்டாள். பெண் நகரவில்லை.

"வேற ஏதாச்சும் வேணுமா?"

"இல்ல மிஸ்."

அடுத்த நான்கு நாளும் மதியத்தில் வந்து மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள். புத்தகம் திறந்திருக்கும், பக்கம் திரும்பாது. லைப்ரரியம்மா நிமிரும்போதெல்லாம் அவள் கண்கள் இங்கேதான் இருக்கும். இத்தனை நாளுக்குப் பிறகு இந்தப் பெண்ணுக்கு நூலகம் பிடித்துப்போயிற்று என்று லைப்ரரியம்மா மகிழ்ந்துபோனாள். அன்று மாலை வெல்டரிடமும் அதைச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் பிற்பகல் தலைமையாசிரியர் அறையில் கமிட்டி கூடியது. ரப்பர் பேண்டு போட்ட ரோஸ் சீட்டுக் கட்டை அவளே கொண்டுபோய் மருந்துக்கடைக்காரரின் முன்னால் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. படித்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அந்தச் சீட்டை உருவி, இரண்டாக மடித்து, மேல் பையில் வைத்துக்கொண்டார்.

"என்ன சார், அத எடுத்துட்டீங்க?"

"என் பொண்ணு எழுதினது. ஞாபகத்துக்கு வச்சுக்கறேன்." சிரித்தார். "உங்க வேலை ரொம்ப சுத்தமா இருக்கும்மா. நன்றி."

பாராட்டு வாங்கிய மகிழ்ச்சியோடு அவள் நூலகத்துக்குத் திரும்பினாள்.

மறுநாள் பெண் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதே மெலிந்த நாவலைக் கேட்டு வந்தாள். எப்போது திரும்பும் என்று பார்ப்பதற்காக லைப்ரரியம்மா சீட்டுப் புத்தகத்தின் கார்பன் நகலைத் திருப்பினாள். தேதியைத் தேடிய கண் இந்தத் தடவை ஏன் படிக்க விரும்புகிறாய் என்ற இடத்தில் விழுந்தது.

"இந்தக் கதையில் அந்தப் பெண் கடைசியில் ஒரு டீச்சரிடம் சொல்கிறாள். அதனால் நானும் உங்களிடம் சொல்கிறேன் மிஸ். எங்கள் அப்பா என்னையும் அம்மாவையும் அடிக்கிறார். மருந்து போடுவதும் அவர்தான், அதனால் யாருக்கும் தெரியாது. கையெழுத்து நான் போட்டது. எல்லாச் சீட்டிலும் நான்தான் போட்டேன். தயவுசெய்து அப்பாவிடம் சொல்லாதீர்கள்."

கார்பன் மை கடைசி வரியில் லேசாகத்தான் பதிந்திருந்தது. அவள் கண்ணுக்கு அது அச்சடித்தது மாதிரித் தெரிந்தது. குப்பைக் கூடையை இழுத்து அதில் வாந்தியெடுத்தாள். எட்டாம் வகுப்புப் பெண் பயந்து தண்ணீர் எடுக்க ஓடினாள். நானூற்றுச் சொச்சம் நாவல்களில் கனவில் விழுந்த அடியைக்கூட விடாமல் எண்ணியவளுக்கு, கையில் கொடுத்த ஆறு வரியைப் படிக்க நேரமில்லாமல் போயிற்று.

தலைமையாசிரியர் நகலை வாங்கிப் படித்தார், மறுபடி படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது குடும்ப விஷயம்மா. அதுவும் கமிட்டித் தலைவர். திங்கக்கிழமை கூப்பிட்டுப் பக்குவமா பேசலாம்."

"திங்கக்கிழமை வரைக்கும் அந்தப் பொண்ணு இருக்குமா சார்?"

"பதட்டப்படாதீங்க. குழந்தைங்க கதை படிச்சுட்டு எதையாவது எழுதும்."

"சீட்டுக் கட்ட நான் குடுத்தேன் சார். என் கையால குடுத்தேன்."

அவர் மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் அவர் மேசையிலிருந்த தொலைபேசியை அவரிடம் கேட்காமலேயே எடுத்துப் போலீசைக் கூப்பிட்டாள். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். எப்போது என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள். அடுத்து வெல்டரின் பட்டறைக்குப் போன் போட்டு, மருந்துக்கடை மாடியிலுள்ள அவர் வீட்டுக்கு வந்து சேருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

மருந்துக்கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பக்கத்துப் படிக்கட்டில் ஏறி மாடிக் கதவைத் தட்டினாள். மருந்துக்கடைக்காரர் திறந்தார். இஸ்திரி கலையாத அதே சட்டை. வலது கை விரல் முட்டிகளில் மட்டும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"லைப்ரரி புஸ்தகம் ஒண்ணு வரணும் சார். வேற புள்ளைங்க கேக்குது."

"பாப்பாவுக்குக் காய்ச்சல். அனுப்பி வைக்கிறேன்."

"நான் பாத்துட்டுப் போறேன்."

"தூங்கறா."

உள்ளே நடைவழியின் கடைசியில் அவர் மனைவி நின்றிருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண்ணால் அவள் வெளியே தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவைப் பார்த்தாள், பிறகு லைப்ரரியம்மாவைப் பார்த்தாள். லைப்ரரியம்மா வாசல் கதவுக்கும் அவருக்கும் நடுவில் உடம்பை நுழைத்தாள்.

முதல் அறை இடது காதில் விழுந்தது. அது ஏற்கெனவே போன காது, அங்கே அவரால் புதிதாக எதையும் கெடுக்க முடியவில்லை. இரண்டாவது வாயில் விழுந்தது. உதடு பல்லில் குத்திக் கிழிந்து ரத்தம் கொட்டியது. முடியைப் பிடித்து வெளியே இழுத்தார். அவள் வராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டதும், தலையை அதே நிலையில் மோதினார். எந்த அவசரமும் இல்லாமல், பழகிய கையோடு செய்தார். இத்தனைக்கும் அவர் குரல் உயரவே இல்லை.

"அடுத்தவன் வீட்டுல மூக்க நுழைக்கிறியா? நீ குடுத்த புஸ்தகம்தானே எல்லாத்துக்கும் காரணம்?"

அவள் அவர் கையைக் கவ்விக் கடித்தாள். பிளாஸ்திரியோடு சதையும் வாய்க்கு வந்தது. அப்போதுதான் அவர் முதல் தடவையாகக் கத்தினார். அவளைத் தூக்கிச் சுவரோரத்து இரும்பு அலமாரியில் அடித்தார். தோள் எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது.

"கதவத் தொறங்க," என்று நடைவழியைப் பார்த்துக் கத்தினாள். "என்னால ரொம்ப நேரம் தாங்க முடியாது, தொறங்க."

மனைவி அசையவில்லை. எத்தனையோ வருடம் அசையாமல் நின்று பழகிய கால்கள் அவை. லைப்ரரியம்மா விழுந்தபடியே அவர் காலை முறியாத பக்கத்துக் கையால் கட்டிக்கொண்டாள். அவர் மறு காலால் விலாவில் மிதித்தார். மறுபடி மிதித்தார். மூன்றாவது மிதியில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் வந்தது.

பெண் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்தால் யாரென்று சொல்ல முடியாது. இடது கையை வலது கையில் ஏந்திக்கொண்டு, குனிந்து குனிந்து நடந்தாள். அவர் அவளை நோக்கித் திரும்பினார். லைப்ரரியம்மா பிடியை விடவில்லை. அவர் ஒரு காலை இழுத்துக்கொண்டே இரண்டடி போனார், இவளும் தரையில் இழுபட்டுக்கொண்டே போனாள். அவர் கை பெண்ணின் சட்டைக் காலரைத் தொட்டது. அப்போது மனைவி ஓடி வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள். வேறொன்றும் செய்யவில்லை. தட்டிவிட்ட கையோடு மகளை அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். இரண்டு ஜோடிக் கால்கள் படிக்கட்டில் இறங்குகிற சத்தம் கேட்டது.

அதன் பிறகு அவர் லைப்ரரியம்மாவை மிதித்ததற்குக் கணக்கில்லை. வெல்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் ஒரே நேரத்தில் படியேறி வந்தார்கள். போலீஸ்காரர்கள் பிடிப்பதற்குள் வெல்டர் ஒரே ஒரு குத்து விட்டார். இருபத்தைந்து வருடம் இரும்பு தூக்கிய கை. மருந்துக்கடைக்காரரின் தாடை ஒரு பக்கமாகப் போய் நின்றது. போலீஸ்காரர்களில் மூத்தவர் அதைப் பார்க்கவில்லை என்று பிறகு எழுதிக்கொடுத்தார்.

லைப்ரரியம்மாவுக்கு மூன்று விலா, ஒரு தோள் எலும்பு, இரண்டு பல். அரசு மருத்துவமனையின் கீழ் வார்டில் கிடந்தாள். பெண் மேல் வார்டில் இருந்தாள். கையில் இரண்டு முறிவு, சிறுநீரில் ரத்தம். நான்காம் நாள்தான் பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் வாய் திறந்து சொன்னார். அதுவரை வெல்டர் மணிக்கு ஒருதரம் மாடியேறிப் போய் விசாரித்துவிட்டு வந்து, மனைவி கண்ணைப் பார்க்காமல், "அப்படியேதான் இருக்கு," என்பார்.

ஐந்தாம் நாள் தாய் கீழே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். போலீசில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அவர் சிறையில் இருக்கிறார். கார்பன் நகல்தான் இப்போது சாட்சி.

"அசல் சீட்டு என்னாச்சுன்னு கேட்டாங்க டீச்சர். அவ வாயிலயே திணிச்சு முழுங்க வச்சாரு. முழுங்கற வரைக்கும் கழுத்த விடல. அத சொன்னேன்." கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். "வீடு வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். நாங்க ரெண்டு பேரும் எங்க அக்கா ஊருக்குப் போறோம். போறதுக்கு முன்னாடி உங்களப் பாக்கணும்னு பாப்பா கேக்குது."

வெல்டர் மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். வார்டு வாசலிலேயே அவரை நிற்கச் சொல்லிவிட்டு, நர்ஸ் தள்ளிவிட, அவள் கட்டிலருகே போனாள். பெண்ணின் முகத்தில் வீக்கம் பாதி வடிந்திருந்தது. முதல் தடவையாக அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். ஒரு கையில் மாவுக்கட்டு. மற்றக் கையில் பழைய தழும்புகள், சில வட்டமாக, சில நீளமாக.

லைப்ரரியம்மா என்னென்னவோ சொல்ல நினைத்து வந்திருந்தாள். பெண்தான் முதலில் பேசினாள்.

"ரொம்ப வலிக்குதா மிஸ்?"

"இல்லம்மா. உனக்கு?"

"இப்ப பரவால்ல." கொஞ்சம் தயங்கினாள். "மிஸ், நான் சீட்டுல எழுதினத நீங்க எப்ப படிச்சீங்க?"

ஒரு பொய் போதும். அன்னைக்கே படிச்சுட்டேன், போலீசுக்குச் சொல்ல ஏற்பாடு பண்ணிட்டிருந்தேன், அதுக்குள்ள கட்டு கைமாறிடுச்சு என்று சொல்லலாம். முறிந்த விலாவும் உடைந்த பல்லும் அதற்குச் சாட்சி சொல்லும். யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். லைப்ரரியம்மாவுக்கு அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் டாக்டரிடம் ஒரு பொய் சொல்லப்பட்டபோது பக்கத்தில் நின்ற பிள்ளையாக இருந்தவள் அவள்.

"நீ வராம போன மூணாம் நாள் படிச்சேன்."

"நான் குடுத்தப்ப படிக்கலையா?"

"கையெழுத்து இருக்கான்னு மட்டும் பாத்தேன்."

"அப்புறம் நாலு நாள் நான் உங்க முன்னாடியே உக்காந்திருந்தேனே மிஸ்."

"உனக்குப் படிக்கப் பிடிச்சுப்போச்சுன்னு நினைச்சேம்மா."

பெண் மாவுக்கட்டின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் லைப்ரரியம்மா தாங்கியிருப்பாள்.

"நீங்க படிச்சிட்டீங்க, அப்பாகிட்ட கேக்கறதுக்காகத்தான் அவர்கிட்ட காட்டினீங்கன்னு நினைச்சேன். அவர் அடிக்கிறப்ப எல்லாம் அதையேதான் நினைச்சுட்டிருந்தேன். மிஸ்ஸுக்குத் தெரியும், மிஸ்ஸுக்குத் தெரியும்னு."

"தெரியாதும்மா. எனக்குத் தெரியாது."

பெண் யோசித்தாள். பள்ளியில் கணக்குப் போடும்போது விடையைச் சரிபார்க்கிற முகம் அது.

"அப்ப நான் எழுதினத முதல்ல படிச்சது எங்க அப்பாதான்," என்றாள்.

லைப்ரரியம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பெண் அதைப் பார்த்துவிட்டு, அடிபடாத பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.